வாசல் ஒன்று, படிகள் எத்தனை?

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. அரசு தரும் உதவிகளுக்கும் ஏழை எளிய மக்களுக்கும் இடையே நெடுங்காலமாகக் குறுக்கே படுத்திருக்கும் நந்திகளை எண்ணினால் இதன் பொருள் விளங்கும்.

சாதிச் சான்றிதழோ, வருமானச் சான்றிதழோ, முதியோர் உதவித்தொகையோ, எதுவானாலும் ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா அலுவலகத்திற்கு நடக்க வேண்டியிருந்தது. மரத்தடியில் மனு எழுதித் தருபவருக்குத் தனியே பணம். இந்த அலைச்சலைக் குறைக்க வந்தவையே இ-சேவை மையங்கள். தாலுகா அலுவலகத்திலும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் அமர்ந்து, பல துறைகளின் மனுக்களை ஒரே மேசையில் பெற்றுக்கொள்ளும் முறை இது. என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பெற்றதும் இவ்வழியேதான். எனவே இம்முறையை நான் குறை கூறவில்லை, வரவேற்கிறேன்.

ஆனால், சற்றே சிந்தித்துப் பாருங்கள். வாசல் ஒன்றாயிற்று, உள்ளே படிகள் குறைந்தனவா? மையத்தில் கொடுத்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று பழைய பாதையிலேதான் செல்கிறது. அன்று காகிதம் நடந்தது. இன்று கணினியில் நகர்கிறது. இடையில் எங்கேனும் நின்றுவிட்டால், மையத்தில் இருப்பவருக்கு அதை நகர்த்தும் அதிகாரம் இல்லை. “நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்” என்கிறார். மீண்டும் அதே நடை!

எங்கள் தெருவில் கணவனை இழந்த தாய் ஒருவர் உதவித்தொகைக்கு மனுச் செய்தார். ஆதார் அட்டையில் தந்தையின் முன்னெழுத்து. குடும்ப அட்டையிலோ கணவரின் முன்னெழுத்து. மனு திரும்பியது. திரும்பிய செய்தியோ திருப்பூரில் வேலை செய்யும் மகனின் கைப்பேசிக்குப் போயிற்று. அந்தத் தாய் இரண்டு மாதம் காத்திருந்தார். இதில் அவர் செய்த குற்றம் என்ன?

வேண்டுவன மூன்று. முதலாவது, மனுவைப் பெறும்போதே பிழைகளைச் சரிபார்த்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு வாய்மொழியாக விளக்க வேண்டும். இரண்டாவது, நின்றுபோன மனுவைப் பற்றி உரிய அலுவலரிடம் கேட்டுப் பதில் பெறும் பொறுப்பு மையத்துக்கே வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சேவைக்கும் சட்டப்படி நாள் கணக்கு வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-ஆம் ஆண்டிலேயே பொதுச் சேவை உறுதிச் சட்டம் இயற்றி, காலம் தவறும் அலுவலருக்கு அபராதம் என்றது. கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள் உண்டென்றால், அதற்கான சான்றிதழுக்கும் கடைசி நாள் இருப்பதுதானே நீதி?

அரசு செய்யட்டும் என்று நாமும் வாளாவிருத்தல் தகாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம். கோவில் குளத்தைத் தூர் வாருகிறோம். அத்துடன் ஒரு நாள், ஊர்ச் சாவடியில் அமர்ந்து, முதியவர்களின் அட்டைகளில் உள்ள பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்த உதவினால் என்ன? நாம் கற்ற நாலெழுத்து நம் ஊராரின் நடையைக் குறைக்கட்டும்!