அரை விநாடி தாமதத்தில் சிக்கிய திருட்டு வாசல்... ஆளில்லாத ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை யார் பார்த்துக்கொள்வது?

2024 மார்ச் மாதம். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தன்னுடைய டெஸ்ட் மெஷினில் லாக்-இன் வழக்கத்தைவிட மெதுவாக நடப்பதைக் கவனித்தார். தாமதம் வெறும் அரை விநாடிதான். வேறு யாராவது இருந்தா 'ஏதோ ஸ்லோ'ன்னு விட்டிருப்பாங்க. அவர் விடவில்லை. தோண்டிப் பார்த்ததில், எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சின்ன மென்பொருளுக்குள் யாரோ ஒளித்து வைத்த திருட்டு வாசல் சிக்கியது. மார்ச் 29-ம் தேதி அதை உலகத்துக்குச் சொன்னார்.

அது என்ன எக்ஸ்இசட்?

ஃபைல்களைச் சுருக்கி, தேவைப்படும்போது விரித்துக் கொடுக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். லினக்ஸ் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். நீங்கள் போனில் திறக்கும் ஆப்களுக்குப் பின்னால் ஓடும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ்தான். அந்த வாசல் எல்லா இடத்துக்கும் பரவியிருந்தால், ரகசிய சாவி வைத்திருப்பவர் பாஸ்வேர்டே இல்லாமல் சர்வருக்குள் புகுந்திருக்கலாம். ஆபத்தின் அளவு 10-க்கு 10 என மதிப்பிடப்பட்டது. நல்லவேளையாக, ஃபெடோரா, டெபியன் போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளோடு அது பிடிபட்டது.

திருடன் உள்ளே வந்தது எப்படி?

இதுதான் கதையின் முக்கியமான இடம். யாரும் பூட்டை உடைக்கவில்லை. ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் பல வருடமாக, சம்பளம் எதுவும் இல்லாமல், கிட்டத்தட்ட தனி ஆளாக இந்த மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-ல் 'ஏன் இவ்வளவு லேட்? வேற ஆளிடம் கொடுங்க' என்று சிலர் நச்சரிக்க ஆரம்பித்தார்கள். தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல் இருப்பதாகவும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் அவர் பொதுவெளியிலேயே பதில் சொன்னார்.

அப்போது கைகொடுத்தவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கியவர். 2021-லிருந்தே உருப்படியான திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை சம்பாதித்தவர். பொறுப்பு மெல்ல மெல்ல அவர் கைக்கும் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில் திருட்டு வாசல் இருந்தது. நச்சரித்த கணக்குகளும் அதே சதியின் பங்கு என்பது நிபுணர்களின் சந்தேகம். ஜியா டான் யார் என்பது வெளியே வரவே இல்லை.

குறை சொல்ல ஆள் இருந்தது. கூட நின்று வேலை செய்ய வந்தவரோ திருடன்.

காசு கொடுத்தால் தீருமா?

பாதி தீரும். 2014-ல் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 'ஹார்ட்ப்ளீட்' ஓட்டை வெளிவந்தபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பாதுகாத்த அந்த மென்பொருளுக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பது தெரிய வந்தது. பிறகு கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சேர்ந்து பணம் போட்டன. ஜெர்மனி அரசு 2022-ல் தனி நிதியே தொடங்கியது. பெங்களூருவின் ஜெரோதா நிறுவனம், வருடம் 10 லட்சம் டாலர் தருவதாக 2024-ல் அறிவித்தது.

ஆனால் பெயர் தெரிந்த மென்பொருளுக்குத்தான் பணம் முதலில் போகும். அடுத்தவர் எழுதிய கோடை வரி வரியாகப் படிக்க ஆளும் நேரமும் வேணும். அதை நிறுவனங்கள்தான் தர முடியும். ஃப்ராய்ண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் வேலை செய்யத்தான் மைக்ரோசாஃப்ட் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. அந்த வேலைக்கு நடுவில்தான் அரை விநாடி அவர் கண்ணில் பட்டது. பொறுப்பைக் கைமாற்றும்போதும், ஒருவர் களைத்து விழும் வரை காத்திருக்காமல், முன்பே மூன்று நான்கு பேர் பழகியிருந்தால் முகம் தெரியாத ஒருவரிடம் மொத்தச் சாவியும் போகாது.

எக்ஸ்இசட் விஷயத்தில், திருட்டு வாசலை நீக்கி 2024 மே மாதம் 5.6.2 பதிப்பை வெளியிட்டதும் அதே லாஸ்ஸே காலின்தான்.