‘போனவில்லை’ என்று யார் சொல்கிறார்கள்?

பெங்களூர் - ஓசூர் நெடுஞ்சாலையில் கர்நாடகம் முடியும் இடம் அத்திபெலே. தாண்டினால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி. அந்தப் பக்கம் ‘வந்தான்’, இந்தப் பக்கம் ‘பந்த’. அங்கே ‘போனான்’, இங்கே ‘ஹோத’. அங்கே ‘செத்தான்’, இங்கே ‘சத்த’. இரண்டு மொழியும் புழங்கும் வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தை மிதிக்கும் முன்பே இத்தனை இறந்தகாலங்களையும் பேசிவிடுகின்றன. யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்ததில்லை.

அதே குழந்தை வளர்ந்து, தொழிற்சாலை நேர்முகத் தேர்வில் ‘ஐ டிட் நாட் வெண்ட்’ என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு. இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரியுமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

இது அறிவுக் குறைவல்ல, சொல்லித்தரும் முறையின் குறை. ‘கோ, வெண்ட், கான்’ என்று அகரவரிசையில் ஒப்பிக்க வைக்கிறோம். தினமும் தேவைப்படும் வினைச்சொல்லும், வருடத்துக்கு ஒருமுறை கூட வாயில் வராத சொல்லும் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

ஆங்கிலத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அவற்றில் இன்றும் அடங்காமல் இருப்பவை 98. மற்றவை ‘எட்’ விகுதிக்குப் பணிந்துவிட்டன. ‘ஹெல்ப்’ கூட ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ ஆக இருந்ததுதான். எது அதிகம் புழங்குகிறதோ அது தன் பழைய வடிவத்தை விடுவதில்லை. நூறில் ஒரு பங்கே புழங்கும் சொல் பத்து மடங்கு வேகத்தில் விதிக்குள் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பத்து வினைகளும் விதியை மீறுபவையே. ஆக, மாணவன் முதலில் கற்க வேண்டியது இந்தப் பத்தைத்தான், பட்டியல் முழுவதையும் அல்ல.

‘டிட் நாட் வெண்ட்’ வியாதிக்கோ மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. ‘போகவில்லை’ என்கிறோம். ‘போனவில்லை’ என்று யார் சொல்கிறார்கள்? ‘இல்லை’ வந்ததும் ‘போனான்’ தன் காலத்தைக் கழற்றிவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் ‘டிட்’ வந்தால் ‘வெண்ட்’, ‘கோ’ ஆகிவிடும். ஒரே ஒரு வித்தியாசம்: நம் ‘இல்லை’ காலம் காட்டாது, ‘டிட்’ காட்டும். காலத்தைச் சுமக்க ஒரு கூலி போதும், இரண்டு வேண்டாம்.

உச்சரிப்பும் அப்படித்தான். ‘உண்’ணுக்கு ‘உண்டான்’, ‘செல்’லுக்கு ‘சென்றான்’ என முன்னால் நிற்கும் எழுத்தைப் பார்த்துக் காலம் காட்டும் எழுத்து மாறுகிறது. த், ட், ற், இன் என்று நன்னூல் வகுத்ததை நாம் யோசிக்காமலே பேசுகிறோம். ‘எட்’டும் அதுபோல ‘வாக்ட்’, ‘ப்ளேய்ட்’, ‘வாண்டிட்’ என்று மூன்று விதமாக ஒலிக்கும். ‘வாக்கெட்’ என்று எழுத்துக் கூட்டத் தேவையில்லை.

ஆங்கில வகுப்பில் தாய்மொழி பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் உண்டு. அபராதம் கட்டுவது பிள்ளை. நஷ்டம் ஆங்கிலத்துக்கு.