பிறந்தநாள் வீட்டுக்குத் தண்ணீர்த் துப்பாக்கி எடுத்துப் போகலாமா?



என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது கோவையில் குடியிருக்கிறாள், வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "டீச்சர், பையனுக்கு ஏழாவது பிறந்தநாள், வீட்லயே வைக்கிறோம். அபார்ட்மெண்ட் பிள்ளைகள் நாலைஞ்சு பேரு வாட்டர் கன் எடுத்துட்டு வர்றதாப் பேசிக்கிறாங்க. வேண்டாம்னு சொன்னா அவங்க அம்மாமாரு தப்பா நினைப்பாங்களா?"

அவளுக்குப் பதில் போட்டுவிட்டேன். ஆனால் லீவு நாள் வந்தால் உங்களில் பல பேர் வீட்டில் இதே பேச்சு வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

என் பதில் இதுதான்: தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டும் என்றும் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பிறந்தநாள் கொண்டாடும் வீடு. விருந்துக்கு வருகிறவர்கள் முடிவு செய்கிற விஷயம் அல்ல இது.

உடனே சிலர், "டீச்சர், பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டு விளையாடுவதே அபூர்வம், அதையும் கெடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். நான் தண்ணீர் விளையாட்டுக்கு எதிரி இல்லை. சித்திரை வெயிலில் காரைக்குடியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாளித் தண்ணீர் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று. இது நமக்குப் புதிதும் அல்ல. பரிபாடலில் வையை நீராட்டைப் படித்தவர்களுக்குச் 'சிவிறி' என்ற சொல் நினைவிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி விளையாடும் கருவி அது. நம் ஊர்ப் பிள்ளைகள் மூங்கிலில் செய்த பீச்சாங்குழல் அதன் பேரன்.

ஆனால் நம் பெரியவர்கள் தண்ணீர் ஊற்றியதற்கெல்லாம் ஒரு முறை வைத்திருந்தார்கள். அம்மன் கோயில் திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டு நடக்கும். யார் மேல் யார் ஊற்றலாம்? முறைக்காரர் மேல்தான். மாமன் மகன், அத்தை மகள், மைத்துனர், கொழுந்தி. அதுவும் அந்த ஒரு நாள்தான். வழியோடு போகிறவர் மேல் ஊற்றினால் அன்றைக்கே பஞ்சாயத்து கூடிவிடும்.

சாமிக்கே அளவு உண்டு. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நேர்ந்துகொண்டவர்கள் கருப்பணசாமி வேடமிட்டு, ஆட்டுத்தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். காலம் மாற மாற, சிலர் அந்தப் பையோடு பிரஷர் பம்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டு, உயர் அழுத்த பம்பு கூடாது, பாரம்பரிய முறைப்படிதான் பீய்ச்ச வேண்டும் என்றது. பக்தியைத் தடுக்கவில்லை. அளவைத்தான் சொன்னார்கள்.

பிள்ளைகள் கையில் இருப்பதும் இன்று பம்புதான். பழைய பீச்சாங்குழலில், கையால் தள்ளுகிற வேகம்தான் தண்ணீரின் வேகம். இப்போது வருவதில் பலவும் முதலில் காற்றை அடைத்து அழுத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, விசையைத் தட்டியதும் மொத்தமாக விடுகிற வகை. இதைக் கண்டுபிடித்தவர் லானி ஜான்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். நாசாவின் விண்கலத் திட்டங்களில் வேலை பார்த்தவர். 1982-இல் வீட்டில் வேறொரு கருவிக்காகச் சோதனை செய்தபோது குளியலறைக் குழாயிலிருந்து தண்ணீர் சீறிப் பாய்ந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. 1990-இல் கடைக்கு வந்து, பிறகு சூப்பர் சோக்கர் என்ற பெயரில் உலகமெங்கும் விற்றது. அருமையான அறிவியல் பொம்மை, சந்தேகமில்லை. ஆனால் ஒருவன் கையில் அது இருந்து, அடுத்தவன் கையில் ஒன்றுமில்லை என்றால், அங்கே நடப்பதற்கு விளையாட்டு என்று பெயரில்லை.

போன வருஷம் உறவுக்காரர் வீட்டுப் பிறந்தநாளில் இதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று பையன்கள் பெரிய பெரிய துப்பாக்கியோடு வந்தார்கள். பத்து நிமிஷம் எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு, ஒன்றும் கொண்டு வராத ஒரு சின்னப் பையன் குறியாகிவிட்டான். அவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்தான், விடவில்லை. பிறந்தநாள் பெண்ணின் பட்டுப்பாவாடை நனைந்து, அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். கேக்கை வெட்டக் கூப்பிட்டும் வெகுநேரம் வரவில்லை. பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "விளையாட்டுக்குத்தானே, விடு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இத்தனை வருஷம் வகுப்பறையில் நின்று நான் தெரிந்துகொண்ட ஒரு அளவுகோல் உண்டு. துரத்துகிறவனும் துரத்தப்படுகிறவனும் மாறி மாறி வந்தால் அது விளையாட்டு. ஒருவன் "போதும்" என்றதும் நின்றால் அது விளையாட்டு. ஒருவனே ஓடிக்கொண்டிருந்து, அவன் "வேண்டாம்" என்பது மற்றவர்களுக்குக் கூடுதல் சிரிப்பானால், அது வேறு. அதைப் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் "விடு" என்றால் இரண்டு பிள்ளைகளும் பாடம் படிக்கிறார்கள். ஒருவன், தன் "வேண்டாம்" செல்லாது என்று படிக்கிறான். மற்றவன், அடுத்தவர் சொல்லும் "வேண்டாம்" தன்னைக் கட்டுப்படுத்தாது என்று படிக்கிறான். இரண்டாவது பாடம்தான் எனக்கு அதிகக் கவலை. அவன் வளர்ந்தபின் அதை எங்கெங்கே கொண்டு போவான் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்ணீர் வீணாகிறது என்ற காரணத்தை நான் சொல்லவில்லை. முற்றத்தில் விழும் மழையை அண்டாவில் பிடித்து வைத்த ஊர்தான் நம்முடையது. சம்பை ஊற்றுத் தண்ணீரின் அருமையும் தெரியும். ஆனாலும் நாலு வாளித் தண்ணீரால் ஊர் வறண்டுவிடாது. என் கவலை தரையைப் பற்றியது. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் ஈரம் பட்டால் எப்படி வழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓடுகிற பிள்ளை விழுந்தால் எழுந்துவிடும். ஆயா விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். பக்கத்திலேயே சீரியல் லைட் வயர் தொங்கும், அதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே பிறந்தநாள் வைக்கிறவர்களுக்குச் சொல்வேன்: தண்ணீர் விளையாட்டு உண்டென்றால் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். மாற்று உடுப்பு கொண்டுவரச் சொல்லுங்கள். கேக் வெட்டி, சாப்பிட்டு, போட்டோ எடுத்தபின் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். காசு செலவழிக்க வேண்டாம், காலி தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் போதும். முகத்தில் அடிக்கக் கூடாது, காதில் அடிக்கக் கூடாது. போதும் என்று யாராவது திண்ணையில் ஏறிவிட்டால் அவரைத் தொடக்கூடாது. வேண்டாம் என்றால், "எங்க வீட்ல இடம் பத்தாது, வாட்டர் கன் இல்லாம அனுப்பி வைங்க" என்று ஒரு வரி போடுங்கள். அதற்குக் கோபப்படுகிற அம்மா யாருமில்லை. இருந்தால் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

விருந்துக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளம்பும்போது பிள்ளையின் பையை ஒருமுறை பாருங்கள். உள்ளே துப்பாக்கி இருந்தால் திட்ட வேண்டாம். "அந்த வீட்ல கேட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் ஏழு வயதில் வந்துவிட்டால் எழுபது வரைக்கும் கூட வரும்.

உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போல் திருத்துவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்