தடிப்போடு வாந்தியும் வந்தால்

"குளவி கொட்டுனா தடிக்கத்தானே செய்யும்?" எங்கள் தோட்டங்களில் இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் இருக்க முடியாது. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன், என் சித்திக்கு நடந்ததைப் பார்க்கும் வரை.

சித்தி ஹாலிஎல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுப்பவர். ஒரு நாள் காலையில் குளவிக் கூடு கலைந்தது. அவரைக் கொட்டியது இரண்டே இரண்டு. பத்து நிமிஷத்தில் கழுத்து, கை, வயிறெல்லாம் பத்தை பத்தையாகத் தடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சுண்ணாம்பு தடவினார்கள். டிஸ்பென்சரிக்கு நடந்தே போனார். அரிப்புக்கு ஒரு பிரிட்டோன் குளிசை கிடைத்தது. மலைக்குத் திரும்பி வருகிற வழியில் விழுந்துவிட்டார். ஓட்டோவில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

டிஸ்பென்சரியில் நின்றபோதே அவருக்கு வயிற்றைப் புரட்டியதாம், தலையும் சுற்றியதாம். "ஏன் சித்தி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வீட்டுக்குப் போன்னுருவாங்க. பேர் போயிருமே."

சித்தி சொல்லாமல் விட்டதுதான் அன்று முக்கியமான தகவல். தடிப்பு தோலோடு நின்றால் பெரும்பாலும் பயமில்லை, குளிசையே போதும். ஆனால் தடிப்போடு மூச்சுத் திணறல், இழுப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கடும் வயிற்று வலி, தலைசுற்று, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விஷயம் வேறு. டொக்டர்மார் அதை அனபிலக்சிஸ் என்பார்கள். இரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழும், மூச்சுக் குழாய் சுருங்கும். குளவி மட்டுமல்ல, இறால், கடலை, பென்சிலின் ஊசி எதாலும் வரலாம். சிலருக்குத் தடிப்பே இல்லாமலும் வரும்.

இதைக் குளிசை நிறுத்தாது. முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில்.

இன்னொன்று, அப்படிப்பட்டவரை நடக்க விடவே கூடாது. பிரஷர் விழுந்த நிலையில் எழுந்து நின்றாலே உயிர் போகலாம். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, கம்பளியிலோ படங்கிலோ தூக்கித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். உடனே 1990க்கு அடியுங்கள். ஊசி போட்டுச் சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். "நல்லாயிருச்சு" என்று வார்டிலிருந்து ஓடி வராதீர்கள்.

சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு ஊவாவுக்கும் வந்தது. நல்ல சேவைதான். ஆனால் மடுல்சீமை, நமுனுகுல மலைப் பாதையில் அது ஏறி வரும் வரை இந்த நோய் காத்திருக்காது. ஆகவே மருந்து தோட்டத்திலேயே இருக்க வேண்டும். அட்ரினலின் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வருகிற பழைய மருந்து, விலை கூடியதும் இல்லை. குப்பி, சிரிஞ், போடப் பழகிய ஆள், மூன்றும் ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் வேண்டும்.

"ஊசி பிழைத்தால் யார் பொறுப்பு?" என்று கேட்பார்கள். சரியான அளவைத் தொடையில் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். போடத் தாமதித்தால் ஆளே போய்விடலாம். அந்தப் பொறுப்பை யார் எடுப்பது?

மருந்து மட்டும் வந்தும் போதாது. பேர் போய்விடும் என்ற பயம் இருக்கும் வரை எங்கள் பெண்கள் வாந்தியை மறைப்பார்கள், தடிப்பை மட்டும் காட்டுவார்கள். குளவி கொட்டியவருக்கு அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். வேலைத் தலத்தில் நடந்த விபத்துதானே அது? தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் இதையும் வைக்கட்டும்.

சித்திக்கு அன்று விழுந்தது அரைப் பேர். இன்னமும் அதே மலைக்குத்தான் போகிறார். ஒரு தடவை இப்படி வந்தவருக்கு அடுத்த கொட்டிலும் வரலாம் என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

இதை வாசிக்கிற நீங்கள் தோட்டத்துப் பிள்ளை என்றால், இந்த வாரம் உங்கள் டிஸ்பென்சரிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்க அட்ரினலின் இருக்கா, போடத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"