பைப்பைப் பறிக்காதேங்கோ

மார்ச் மாதம் எண்டால் யாழ்ப்பாணத்தில் மட்ச் காலம். 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் அதில பெரியது. மட்ச் எண்டால் சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ள எஸ்லோன் பைப்பில பெடியள் தாங்களே செய்த ஹோர்னும் சேர்ந்திட்டால் பெரியவைக்குக் கோபம் வந்திடும். "படிக்கிற வயசில இதென்ன காவாலித்தனம்" எண்டு பைப்பைப் பறிச்சு உடைச்சுப்போட்டு, ஒழுக்கத்தைக் காப்பாத்தின திருப்தியோட போயிடுவினம்.

உடைக்கிறவை அதுக்குள்ள என்ன நடக்குது எண்டு ஒருக்காவாவது கேட்டிருப்பினமோ?

மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு ஒண்டு. அதன் நேர்வாய்கள் இரண்டுக்கும் ஊடாக ஒடுக்கமான நீளப் பைப் ஒண்டு போகும். மேல்வாயில பலூன் துண்டை இழுத்துக் கட்டினால், அது உள் பைப்பின்ர வாயையும் மூடிக்கொண்டு நிக்கும். கீழ்வாயில இருக்கிற இடைவெளியை ரேப் சுத்தி அடைக்கவேணும். இனிப் பக்கவாயால ஊதினால் காத்துக்குப் போக வழியில்லை. அமுக்கம் கூடும், பலூன் தோல் எழும்பும், காத்து உள் பைப்புக்குள்ள பாயும், அமுக்கம் குறையும், தோல் திரும்ப விழுந்து மூடும். ஒரு செக்கனுக்குள்ள நூறு, இருநூறு தரம் இப்பிடி நடக்கிறதுதான் அந்தச் சத்தம்.

தோல் கட்டின பக்கம் மூடிய அந்தம் மாதிரி வேலை செய்யும். உயர்தரப் பௌதிகவியலில வாற மூடிய குழாய்தான் இது. அடிப்படை அதிர்வில் குழாயின் நீளம் அலைநீளத்தின் காற்பங்கு. வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். அப்ப அரை மீற்றர் பைப்புக்கு மீடிறன் 170 ஹேட்ஸ் அளவில வரும். ஒரு மீற்றருக்கு 85. தோலின் இறுக்கமும் முனைத்திருத்தமும் கணக்கைக் கொஞ்சம் அசைக்கும். ஏன் அசைக்குது எண்டு தேடினால் அதுவே அடுத்த பாடம்.

இதையே பலகையில வெண்கட்டியால எழுதினால் கல்வி, பைப்பில செய்து காட்டினால் காவாலித்தனம். இது என்ன நியாயம்?

சாதாரண தரப் பெறுபேற்றை வச்சு 16, 17 வயசிலயே பிள்ளைகளைப் பிரிச்சு விடுறம். கலைப்பிரிவுக்குப் போறவர் அதுக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்குள்ள கால்வைக்கத் தேவையில்லை. நான் கலைப்பீடம். என்னோட படிக்கிற கன பேருக்கு மீடிறன் எண்ட சொல்லோட இருந்த உறவு அந்தச் சோதினையோட முடிஞ்சுது. விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவைக்கோ ரியூசனும் கடந்தகால வினாத்தாளும். சமன்பாடு மனப்பாடம், ஆனால் ஒரு குழாயை அறுத்துப் பார்க்க நேரமில்லை. இந்த ரெண்டு கூட்டத்துக்கும் நடுவில, ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே கையால தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு நாங்கள் வச்சிருக்கிற பேர் காவாலி.

"சத்தம்தானே பிரச்சினை" எண்டு கேப்பினம். ஓம், பிரச்சினைதான். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் பாதுகாப்பு எண்டது வேலைத்தலங்களுக்குச் சொல்லப்படுற அளவு. 3 டெசிபெல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகும், 100இல வெறும் 15 நிமிசம். உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. 2010 தென்னாபிரிக்க உலகக் கிண்ணத்தில் வுவுசெலா உலகத்தையே காதைப் பொத்த வச்சது, அதே வருசம் ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் தன்ர போட்டிகளில அதைத் தடைசெய்தது. ஆக, ஒருத்தரின்ர காதடியில, ஆசுப்பத்திரி வாசலில, நடுச்சாமத்தில ஊதுறவைக்கு நான் வக்காலத்து வாங்க வரேல்ல.

ஆனால் சட்டம் எல்லாருக்கும் ஒண்டாக இருக்கவேணும். இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு 2007இலயே உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டது. வாகன ஹோர்னுக்கெண்டு 2011இல தனி விதி வந்தது. ஏ9 வீதியில அரை மணித்தியாலம் நிண்டு பாருங்கோ, தனியார் பஸ்ஸுகள் அந்த விதியை எந்த லட்சணத்தில மதிக்குது எண்டு தெரியும். அந்த ஹோர்னை ஆர் பறிச்சு உடைக்கினம்? காசு குடுத்து வாங்கிப் பூட்டினால் வியாபாரம், கையால செய்தால் குற்றம். உங்களுக்குச் சத்தம் பிரச்சினை இல்லை, ஆர் சத்தம் போடுறது எண்டதுதான் பிரச்சினை. ஒரு பெட்டை அந்த ஹோர்னை ஊதினால் என்ன பேர் வைப்பீங்கள் எண்டு யோசிச்சால் இது இன்னும் தெளிவாகும்.

பாடசாலைகளிட்டக் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. வருசத்தில ஒரு நாள், எந்தப் பிரிவு எண்டு பார்க்காமல், பெடியளையும் பெட்டையளையும் மைதானத்துக்குக் கூப்பிடுங்கோ. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நீளத்தில பைப் அறுத்துச் செய்யட்டும். போனில மீடிறனை அளந்து கணக்கோட ஒப்பிடட்டும். எத்தினை மீற்றர் தள்ளி நிண்டால் காது தாங்கும் எண்டும் அங்கயே படிக்கட்டும்.

செய்யிற பெடியளுக்கும் ஒரு சொல்லு. அடுத்தமுறை ஆரும் பைப்பைப் பறிக்க வந்தால், ஓடாதேங்கோ. அது ஏன் சத்தம் போடுது எண்டு நிண்டு விளங்கப்படுத்துங்கோ. விளங்கப்படுத்தத் தெரியாட்டி, முதல்ல அதைப் படிச்சிட்டு ஊதுங்கோ.