முடியாத கட்டடத்தில் கடையா?

தையல் வகுப்பு நடத்த இடம் தேடுகிறீர்களா, சகோதரி? "கீழ்த்தளம் தயார், அம்மா. மேலே வேலை நடக்கட்டும், அட்வான்ஸைக் கொடுங்கள்" என்பார் கட்டடக்காரர். அவசரப்படாதீர்கள்! பிளான் பாஸானது வேறு. பணி நிறைவுச் சான்றிதழ் வேறு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, விலக்குப் பெற்ற கட்டடங்கள் நீங்கலாக, அச்சான்றிதழ் இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கிடையாது. கட்டட வேலைக்கென வாங்கிய தற்காலிக மின்சாரத்தில் விளக்கு எரிவதைக் கண்டு மயங்க வேண்டாம்.

சூரத் நகரில் 2019 மே மாதம் வணிக வளாகமொன்றில் தீப்பிடித்து, மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் 22 உயிர்கள் போயின. அந்த மேல்தளம் முறையின்றி எழுப்பியது. ஏறிச் சென்ற மரப்படியும் எரிந்துபோயிற்று.

சான்றிதழைக் கேட்கக் கூச்சமெதற்கு? உங்களை நம்பி வரும் பெண்கள் ஏறி இறங்கப்போகும் படியல்லவா அது!