பேயான அரசு வழக்கறிஞரும் பேயாகாத கைதிகளும்

எடின்பரோ கோட்டை ஒரு பழைய எரிமலைப் பாறையின் உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து இறங்கும் ஒடுங்கிய மேடுதான் பழைய நகரம். மதிலுக்கு வெளியே குடியேற மக்கள் தயங்கிய நூற்றாண்டுகளில் ஊர் அகலத்தில் வளராமல் உயரத்தில் வளர்ந்தது. பத்து மாடியைத் தொட்ட கல் கட்டடங்களும் எழுந்தன. நடுவே ஓடும் ராயல் மைல் தெருவின் இருபுறமும் விலா எலும்புகளைப் போலச் செங்குத்தான சந்துகள் பிரிகின்றன. இருட்டும் ஈரமும் நெரிசலும் கலந்த இந்த அமைப்புதான் ஸ்காட்லாந்துத் தலைநகரின் பேய்க்கதைகளுக்கு மூலதனம்.

மாலையானால் கறுப்பு அங்கி அணிந்த வழிகாட்டிகள் பயணிகளைக் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். அவர்களோடு சேராமல், ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு தாமாகவே நடப்பவர்களும் உண்டு. இவர்களுக்குச் சில கதவுகள் திறக்காது. இருட்டு மூலையிலிருந்து யாரும் அலறிப் பயமுறுத்தவும் மாட்டார்கள். ஆனால், விரும்பிய இடத்தில் நின்று, சொல்லப்படும் கதையை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படி ஒப்பிட்டால் ஒன்று புலப்படும்: இந்த நகரத்தின் பேய்கள், இங்கு உண்மையில் நடந்தவற்றைவிடச் சாதுவானவை.

நடையின் தொடக்கம் கோட்டை வாசல். திடலையொட்டிய சுவரில் சூனியக்காரிகளின் கிணறு என்ற சிறிய வார்ப்பிரும்பு நீரூற்று பதிக்கப்பட்டிருக்கிறது. சூனியக் குற்றம் சாட்டப்பட்டு இந்தக் குன்றில் எரிக்கப்பட்டவர்களின் நினைவாக 1894இல் ஜான் டங்கன் வடிவமைத்தது. பெரும்பாலும் கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகே உடலைக் கொளுத்துவார்கள். ஸ்காட்லாந்தில் சூனியத் தடைச் சட்டம் 1563 முதல் 1736 வரை நடப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களாக எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலில் 3,837 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் பெண்கள். நீரூற்றின் அருகிலுள்ள வாசகமோ, சிலர் தம் ஆற்றலைத் தீமைக்குப் பயன்படுத்தினார்கள் என்றும் வேறு சிலர் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார்கள் என்றும் சமன்செய்கிறது. நினைவுச் சின்னத்திலேயே பாதிக் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருப்பது விநோதம்தான். ஸ்காட்லாந்து முதல் அமைச்சர் அந்தச் சூனிய வழக்குகளுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 2022 மார்ச்சில்.

இந்த நீரூற்றை அமைக்கச் செய்தவர் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். ராயல் மைல் சந்துகளை மொத்தமாக இடித்துத் தள்ளாமல், பழுதானதை மட்டும் நீக்கிச் சீரமைக்க வேண்டும் என்று வாதாடியவர். 1914இல் அவர் சென்னைக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள், ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்ததால் கடலுக்குள் போயின; ஆனாலும் அவர் மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அதே பார்வையில் அறிக்கை எழுதினார். எடின்பரோவில் இன்று பேய் பார்க்கப் போவதற்குச் சந்துகள் மிஞ்சியிருப்பதில் அவருக்கும் பங்குண்டு.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு எதிரே உள்ள மாநகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் மேரி கிங் சந்து புதைந்திருக்கிறது. 1645இல் கொள்ளைநோய் வந்தபோது சந்தின் இரு முனைகளையும் சுவரெழுப்பி அடைத்து, உள்ளே இருந்தவர்களைச் சாகவிட்டார்கள் என்பது பிரபலமான கதை. அதற்குச் சான்றில்லை. நோயாளிகளை ஊருக்கு வெளியே குடிசைகளுக்கு மாற்றவும், வீட்டோடு அடைக்கப்பட்டவர்களுக்கு உணவு கொடுக்கவும் நகர நிர்வாகம் ஏற்பாடு செய்திருந்தது. சந்தினை உண்மையில் மூடியது வணிகம்: 1753இல், இன்றைய மாநகர மன்றக் கட்டடமான புதிய வணிகர் மன்றத்தைக் கட்டத் தொடங்கியபோது வீடுகளின் மேல்மாடிகளை இடித்து, கீழ்மாடிகளை அடித்தளமாக்கினார்கள். 1992இல் இங்கு வந்த ஒரு ஜப்பானியப் பெண் ஆவியாளர், ஆனி என்ற சிறுமி பொம்மையைத் தொலைத்து அழுவதாகச் சொன்னார். அன்று முதல் அந்த அறையில் பொம்மைகள் குவிகின்றன. தனியாக நடப்பவர் வெளியே நின்றுதான் பார்க்க முடியும். உள்ளே போகக் கட்டணமும் வழிகாட்டியும் கட்டாயம்.

சற்றுக் கிழக்கே தென்பாலம். 1788இல் முடிந்த இதற்கு 19 வளைவுகள் உண்டு. கவ்கேட் தெருவின் மேலுள்ள ஒன்றைத் தவிர மற்றவை கட்டடங்களுக்குள் மறைந்துவிட்டன. வளைவுகளுக்கு அடியிலுள்ள நிலவறைகளில் முதலில் பட்டறைகளும் கிடங்குகளும் இருந்தன. நீர் ஒழுகத் தொடங்கியதும் வியாபாரிகள் வெளியேற, போக்கிடம் இல்லாத ஏழைகள் குடிபுகுந்தார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 2001இல் இங்கு ஒரு சோதனை நடத்தினார். பேய் நடமாட்டம் இருப்பதாகப் பெயர்பெற்ற அறைகளில்தான் பங்கேற்பாளர்கள் அதிகமான விசித்திர உணர்வுகளைப் பதிவுசெய்தார்கள், அந்தப் பெயரை அவர்கள் முன்பே அறிந்திராதபோதும். வெளிச்சத்தின் அளவு, அறையின் உயரம் போன்றவற்றோடு அந்த உணர்வுகள் ஒத்துப்போயின. பயம் பொய்யல்ல, அதன் காரணம்தான் வேறு.

இந்த நடையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டம். வழிபாட்டு முறையில் மன்னர் தலையிடுவதை எதிர்த்து 1638இல் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டது இங்கேதான். அதைப் பின்பற்றிய கவனன்டர்கள் 1679 ஜூனில் பாத்வெல் பாலப் போரில் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானோரை இந்தத் தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். சிலர் இறந்தார்கள், பலர் பணிந்து கையெழுத்திட்டு விடுதலையானார்கள். பணியாத சுமார் 250 பேரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பக் கப்பலேற்றினார்கள். டிசம்பரில் அந்தக் கப்பல் ஆர்க்னி தீவருகே பாறையில் மோதியது. அடித்தளத்தில் பூட்டப்பட்டிருந்தவர்களில் 200க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள்.

ஆனால், பேயாக உலவுவது அவர்களில் ஒருவரல்ல. அவர்களை ஒடுக்கிய அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கென்சி. 1691இல் இறந்த அவரது குவிமாடக் கல்லறையும் இதே தோட்டத்தில் இருக்கிறது. 300 ஆண்டுகள் அமைதியாகக் கிடந்த கல்லறையில் பேய் கிளம்பியது 1990களின் இறுதியில்தான். பார்வையாளர்கள் மயங்கி விழுவதாகவும், உடலில் கீறல்கள் தோன்றுவதாகவும் புகார்கள் வர, மாநகர மன்றம் கவனன்டர் சிறை எனப்படும் பகுதியைப் பூட்டியது. பிறகு பேய்ச் சுற்றுலா நடத்துவோர் அழைத்துச் செல்ல அனுமதித்தது. இன்றும் தனியாக வருபவர் கம்பிக் கதவோடு நிற்க வேண்டியதுதான். ஓர் அரசியல் சிறையைப் பேய்வீடாக மட்டுமே பார்க்க முடியும் என்றாகிவிட்டது. போதாக்குறைக்கு, பூட்டிய பகுதி பழைய சிறைத் திடலில் ஒரு துண்டுதான். உள்ளே பயமுறுத்தும் கல்லறை மாடங்கள் பிற்காலத்தில் எழுந்தவை. திடலின் பெரும்பகுதி கட்டடங்களுக்கு அடியில் போய்விட்டது.

பேயாக்கப்பட்ட மனிதரும் அத்தனை எளிமையானவரல்ல. வழக்கறிஞர்களுக்கான நூலகத்தை நிறுவியவர் மெக்கென்சி. இன்றைய ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதிலிருந்துதான் வளர்ந்தது. சூனிய வழக்குகளில் சித்திரவதை செய்து பெறும் வாக்குமூலங்களை நம்பக் கூடாது என்று எழுதியவரும் அவரே. கோட்டை வாசலில் எரிந்த பெண்களுக்காக ஓரளவு பேசியவர், கவனன்டர்களிடம் இரக்கம் காட்டவில்லை. கீறிவிட்டு ஓடும் பேய்க்குள் இந்த முரண் அடங்காது. இப்போது இந்தப் பேய்க்கே போட்டி வந்துவிட்டது. ஹாரி பாட்டர் கதையின் வில்லனை நினைவூட்டும் தாமஸ் ரிடெல் என்ற பெயர் பொறித்த கல்லைத் தேடி அக்கதையின் ரசிகர்கள் பாதை தேய நடக்கிறார்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து சரிவில் இறங்கினால் கிராஸ்மார்க்கெட், பழைய தூக்குமேடைத் திடல். 1724இல் இங்கே தூக்கிலிடப்பட்ட மேகி டிக்சன், சவப்பெட்டியில் ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர்பிழைத்தார். அவர் பெயரில் இன்று ஒரு மதுக்கடை இருக்கிறது. அவரைத் தூக்குக்கு அனுப்பிய 1690ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு: கர்ப்பத்தை மறைத்த பெண்ணின் குழந்தை இறந்தால், கொலை நிரூபிக்கப்படாவிட்டாலும் அவரைக் கொலையாளியாகக் கருதலாம். திடலிலிருந்து மேலேறும் வெஸ்ட் போ தெருவில் மந்திரவாதி மேஜர் வியர் வாழ்ந்தார். அவரது கைத்தடி தானாக நடக்கும் என்பது கதை. 1670இல் அவருக்கு மரண தண்டனை வாங்கித்தந்தது மந்திரமல்ல, பாலியல் குற்றங்கள். அவற்றில் உடன்பிறந்த சகோதரியோடு கொண்ட உறவும் ஒன்று. இளம் வயதிலேயே அதில் சிக்கிய அந்தச் சகோதரியையும் இதே திடலில் தூக்கிலிட்டார்கள். கைத்தடியை நினைவில் வைத்த ஊர், அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை ஏறக்குறைய மறந்துவிட்டது.

திடலின் மேற்கே வெஸ்ட் போர்ட். இங்கே ஹேர் என்பவன் நடத்திய விடுதியில் தங்கிய முதியவர் ஒருவர் வாடகை பாக்கியோடு இயற்கையாக இறந்தார். அந்தப் பிணத்தை ஹேரும் அவன் கூட்டாளி பர்க்கும் உடற்கூறியல் ஆசிரியர் ராபர்ட் நாக்ஸின் பள்ளிக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். விலை தெரிந்ததும் 1828இல் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1829 ஜனவரி 28 அன்று பர்க்கைப் பெருங்கூட்டத்தின் முன் தூக்கிலிட்டு, உடலை அறுத்துப் பாடம் நடத்தினார்கள். அவனது எலும்புக்கூடு பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிணத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1832இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர யாரும் வராதவர்களின் உடல்களை உடற்கூறியல் பள்ளிகள் இனி முறைப்படி பெறலாம். பிணத்திருட்டு ஓய்ந்தது. முன்பு அறுப்பு மேசைக்கு வந்த அதே ஏழைகள், அதன் பிறகு அரசு அனுமதியோடு வந்தார்கள்.